பழைய கிணற்று ஆயில் இன்ஜின்: எந்த இன்ஜின் என்று கண்டுபிடிப்பதும் உதிரி தேடுவதும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்து கிடக்கும் பழைய வடாற்காட்டில் ஏரிப் பாசனத்துக்கு ஈடாகக் கிணற்றுப் பாசனமும் உண்டு. அதனால் மோட்டார் கொட்டகை மூலையில் ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின் ஒன்று துருவேறிக் கிடப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். 1990ல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசமான பிறகு அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது செக்கு ஓட்டவும், ஜெனரேட்டர் சுழற்றவும், தாத்தா வாங்கியது என்பதற்காகவும் அவற்றை எழுப்பப் பார்க்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது எந்த இன்ஜின், உதிரி எங்கே கிடைக்கும்?

பித்தளைத் தகட்டில் இருக்கும் பெயரை மட்டும் நம்பி உதிரி வாங்காதீர்கள். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் செய்த லிஸ்டர் சி.எஸ். வகையை ராஜ்கோட் பட்டறைகள் அப்படியே பார்த்துச் செய்தன. எத்தனையோ பெயர்களில் விற்றன. அதோடு, நாற்பது ஐம்பது வருடம் ஓடிய இன்ஜினில் பிளாக் ஒரு கம்பெனி, ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இன்னொரு கம்பெனி, கிராங்க் (சுழலும் தண்டு) மூன்றாவது இடம் என்று கலந்திருக்கும். தகட்டில் தெரிவது இன்ஜின் பிறந்த இடம் மட்டும். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பது வெர்னியர் அளவுகோலை வைத்தால்தான் தெரியும்.

ஹெட்டைக் கழற்றி முதலில் போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள் விட்டம், எடுங்கள். மேலே ரிங் ஓடிய இடம் தேய்ந்திருக்கும், அங்கே எடுத்தால் தப்பான அளவு வரும். ரிங் எட்டாத அடிப்பகுதியில் எடுக்க வேண்டும். 114.3 மி.மீ. (நாலரை அங்குலம்) வந்து, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 139.7 மி.மீ. (ஐந்தரை அங்குலம்) இருந்தால் அது லிஸ்டர் 6/1 குடும்பம், 650 ஆர்.பி.எம்.மில் 6 குதிரைச் சக்தி. போர் 120 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 139.7 என்றால் 1000 ஆர்.பி.எம்.முக்குச் செய்த 10 குதிரைச் சக்தி ராஜ்கோட் வகையாக இருக்கும். 80 மி.மீ. போரும் 110 மி.மீ. ஸ்ட்ரோக்கும் வந்தால் அது கிர்லோஸ்கர் ஏ.வி.1, 1500 ஆர்.பி.எம்., 5 குதிரைச் சக்தி. அதே 110 ஸ்ட்ரோக்கில் போர் 87.5 என்றால் டி.வி.1. போர் அளவு கொஞ்சம் கூடுதலாக, 114.8 மாதிரி வந்தால் குழம்ப வேண்டாம். யாரோ ஒருமுறை போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். பிஸ்டன் தலையில் 0.50 என்றோ 020 என்றோ அடித்திருக்கும், துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது மரை. வீணாகும் உதிரியில் பாதி இங்கேதான் வீணாகிறது. பழைய லிஸ்டரும் அதைப் பார்த்துச் செய்தவையும் விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் மரை. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை, மரைக் கோணம் 55 டிகிரி. கடையில் அரை அங்குலம் என்று கேட்டால் பெரும்பாலும் யு.என்.சி. எனும் அமெரிக்க மரை போல்ட் தருவார்கள், அதற்கு 13 மரை, 60 டிகிரி. நாலைந்து சுற்று ஏறிவிட்டு இறுகும். பொருந்திவிட்டது என்று ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டித் திருகினால் வார்ப்பிரும்பு பிளாக்கின் மரை உதிர்ந்துவிடும். பிறகு ஓட்டையைப் பெரிதாக்கிப் புஷ் போடாமல் வழியில்லை. 30 ரூபாய் போல்ட்டுக்காக பிளாக்கை இழக்காதீர்கள், மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளைவீலைப் பார்க்கும்போது ஆரம் (சக்கரத்தின் கால்கள்) உள்ளதா, முழுத் தட்டா என்று பாருங்கள். 6/1 வகைக்கு ஆரச் சக்கரம், வேகம் கூடிய வகைகளுக்கு முழுத் தட்டுச் சக்கரம் என்பது பொதுவான வழக்கம். செக்கு சீக்கிரம் ஆடட்டும் என்று ஆரச் சக்கர இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வைத்து 1000 வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 24 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு 650ல் வினாடிக்கு 21 மீட்டர் போகிறது, 1000த்தில் 32 மீட்டர். சக்கரத்தைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஏறக்குறைய 2.4 மடங்காகிறது. பழைய வார்ப்பிரும்பு அதைத் தாங்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஆரம் குடத்தோடு (சக்கரத்தின் நடுப்பகுதி) சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கருப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தச் சக்கரம் பழைய இரும்புக் கடைக்குத்தான். வெல்டு வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஹெட்டில் சின்னக் கைச்சக்கரம் ஒன்று இருந்தால் அது கம்ப்ரஷன் மாற்றும் வால்வு. மூடினால் கம்ப்ரஷன் ஏறும், குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் பிடிக்கும். ராஜ்கோட் ஹெட்களில் பல இடங்களில் அந்த ஓட்டையை அடைத்தே விற்றிருக்கிறார்கள். அடைப்பு இருப்பதால் இன்ஜின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

டீசலைப் பீய்ச்சும் நாசிலை எழுத்தை வைத்து வாங்குங்கள். உடலில் டி.என். என்று தொடங்கினால் பின்டில் வகை (ஊசியின் முனை துளைக்குள் நீட்டியிருப்பது), டி.எல்.எல். என்று தொடங்கினால் துளை வகை. லிஸ்டர் வகை ஹெட்டுக்குள் தனி அறை உண்டு, அதற்குப் பின்டில் நாசில். ஏ.வி.1 நேராகப் பிஸ்டன் மேல் பீய்ச்சுவது, அதற்குத் துளை நாசில். மாற்றிப் போட்டால் ஓடலாம், ஆனால் கரும்புகை தள்ளும், பிஸ்டன் கருகும். நாசிலைச் சோதிக்கும்போது பீய்ச்சும் பக்கம் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

நம் பக்கத்து இன்ஜின்களில் தண்ணீர் ஜாக்கெட்டை, அதாவது சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறையை, தனியாகப் பார்க்க வேண்டும். பம்பு இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேல் உறிஞ்சாது என்பதால் ஆழக் கிணறுகளில் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கினார்கள். மழைக்காலத்தில் கிணறு நிறைந்தால் மூழ்கும். பாலாற்றங்கரையில், தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகளில் உப்புத் தண்ணீரே ஜாக்கெட்டுக்குள் ஓடியது. வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் உள்ளே சுவர் அரித்து ஊசித்துளை விழுந்திருக்கும். புது லைனர் (சிலிண்டரின் உள் குழாய்), பிஸ்டன் எல்லாம் போட்டு முடித்த பிறகு கிராங்க் பெட்டியில் தண்ணீர் சேர்ந்தால் அத்தனை செலவும் வீண். ஆகவே ஒரு ரூபாய்க்கு உதிரி வாங்கும் முன், பிளாக்கின் இரண்டு வாயையும் தட்டுப் போட்டு அடைத்து, லேத் பட்டறையில் தண்ணீர் அழுத்தம் கொடுத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஹெட்டுக்கும் அதே சோதனை.

இவ்வளவும் குறித்தாயிற்று என்றால் தேடுவது சுலபம். லிஸ்டர் வகைக்குப் பிஸ்டன், லைனர், ரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் ராஜ்கோட்டில் இன்றும் செய்கிறார்கள். கோயம்புத்தூரிலும் சென்னை பாரிமுனைக் கடைகளிலும் சொல்லி வைத்தால் வரும். பேரிங் கேட்பதற்கு முன் கிராங்க் புஷ்ஷில் ஓடுகிறதா, டேப்பர் ரோலரில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இரண்டும் உண்டு. பிளைவீல், கிராங்க் பெட்டி மாதிரி கனமானவற்றுக்கு இன்னொரு பழைய இன்ஜினை எடையில் வாங்கிக் கழற்றுவதுதான் வழி. புது ரிங் வந்ததும் அப்படியே போடாமல், லைனருக்குள் தனியாக வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மூன்றிலிருந்து நாலு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது கணக்கு. நாலரை அங்குலத்துக்கு 14 முதல் 18 தௌ. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடைந்து லைனரைக் கீறும்.

பிளைவீலைக் கிராங்கோடு பிடித்திருக்கும் ஜிப் கீயை (கொண்டை உள்ள ஆப்பு) கழற்றும்போது கொண்டையில் சுத்தியால் பக்கவாட்டில் அடிக்காதீர்கள், கொண்டை உடைந்துவிடும். கொண்டைக்கும் குடத்துக்கும் நடுவே இரண்டு பக்கமிருந்தும் ஆப்பு வைத்து ஒரே அளவாக அடித்தால் வந்துவிடும். வராவிட்டால் குடத்தை லேசாகச் சூடாக்குங்கள். புதுக் கீ செய்தால் நூறுக்கு ஒன்று சரிவு. நீல மை தடவி அடித்து எடுத்துப் பார்த்தால் மேலும் கீழும் முழு நீளத்துக்கும் மை ஒட்டியிருக்க வேண்டும். முனையில் மட்டும் ஒட்டியிருந்தால் இன்ஜின் ஓடும்போது டக் டக் என்று சத்தம் வரும். அதைப் பெரும்பாலும் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் பேரிங்) சத்தம் என்று நினைத்து இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் கிராங்கின் கீ வழி அகன்றுவிடும்.

ஹெட்டை இறுக்கும் முன் பிஸ்டன் தலையில் ஈயக் கம்பித் துண்டு வைத்து, இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றி, நசுங்கிய கனத்தை அளந்து எழுதி வையுங்கள். பிளாக்கின் அடியில் இருக்கும் பேக்கிங் தாள் மாறினாலோ கேஸ்கெட் கனம் மாறினாலோ இந்த இடைவெளி மாறும். கூடினால் காலையில் இன்ஜின் பிடிக்காது, குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். ஆகவே பிரிக்கும்போதே பழைய பேக்கிங்கின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உதிரி எதையும் இன்ஜின் சுமையோடு ஓடும்வரை எடைக்குப் போட வேண்டாம்.