கடலுக்கு எல்லைக்கல் தேடிய கதை

2024 பிப்ரவரியில், தமிழகக் கடலில் 4,000 மெகாவாட் காற்றாலைகளுக்காகக் கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் ஏல அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே. வலை பின்னும் கொட்டகையில் ஒரு வாரமாக இதே பேச்சு. மன்னார் வளைகுடாவில் என்றார்கள். மன்னார் வளைகுடாவில் எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. ஊரில் சட்டம் படித்தவன் நான் என்பதால் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது என்று தேடினேன். அங்கேயே முதல் அடி. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் அனல் மின்நிலையம் இருக்கிறது, அணு மின்நிலையம் இருக்கிறது, காற்றாலை இல்லை. அட்டவணையில் இல்லாத திட்டத்துக்கு அந்த அறிவிக்கையின்படி கருத்துக் கேட்பும் கிடையாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையோ 12 கடல் மைலோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிய கடற்படுகையைக் காற்றாலைக்குக் குத்தகைக்கு விடுவதற்கு, 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் மத்திய அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது. கரையில் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூடப் பட்டா இல்லாதவர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேர். கடலுக்கே பத்திரம் எழுதலாம் என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று 10 ரூபாய் கட்டி இணையத்தில் மனுப் போட்டேன். என் முதல் கேள்வி: "இத்திட்டத்தால் மீன்பிடிப்பு தடை செய்யப்படுமா?" மூன்று வாரத்தில் பதில் வந்தது. கேட்டது தகவல் அல்ல, கருத்து. அப்படி எந்த ஆவணமும் எங்களிடம் இல்லை. கோபம் வந்தாலும் தப்பு என்னுடையதுதான். இருக்கிற ஆவணத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும். "ஆகுமா, செய்வீர்களா" என்று கேட்டால் தட்டிக்கழிக்க நாமே வழி செய்து கொடுத்தது போல. இதைச் சட்டம் படித்தவனே மறந்தேன் என்பதை ஊரில் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவது மனுவில் இரண்டே வரி. ஏலத்துக்கு விடும் பகுதிகளின் மூலைப் புள்ளிகளுக்கான அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியலின் நகல். இதுபற்றி மீன்வளத் துறையோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல். இதற்கு 8(1)(d) பிரிவைக் காட்டி, வணிக ரகசியம் என்று மறுத்தார்கள். முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: ஏலம் கேட்க வரும் எந்த நிறுவனத்துக்கும் கொடுக்கப்போகும் எல்லை, அங்கே வலை போடுகிறவனுக்கு மட்டும் எப்படி ரகசியம் ஆகும்? நாற்பது நாள் கழித்து, 14 பக்கம் தருகிறோம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 28 ரூபாய் கட்டுங்கள் என்று பதில். கடிதப் போக்குவரத்தில் பாதிதான் வந்தது. புள்ளிகள் முழுவதும் வந்தன.

பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டு மாமாவின் படகுக்கு ஓடினேன். அவருடைய ஜிபிஎஸ்ஸில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். மாமா திரையைப் பார்த்துவிட்டு, "மருமவனே, இது நம்ம துறைமுகத்துக்கு நேரால்லா வருது!" என்றார். காகிதத்தில் இருந்தது தசமப் பாகை. கருவியில் இருப்பது பாகையும் கலையும்; ஒரு பாகைக்கு 60 கலை. உதாரணத்துக்கு, 8.45 பாகை என்றால் 8 பாகை 27 கலை; அதை நான் 8 பாகை 45 கலை என்று ஏற்றியிருக்கிறேன். 18 கலை வித்தியாசம் என்றால் 18 கடல் மைல், 33 கிலோமீட்டர். இந்தத் தப்போடு மனு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது.

திருத்தி ஏற்றியதும் மாமா பேசவில்லை. ஒரு மூலையில் விரல் வைத்தார். அங்கே கடலடியில் ஒரு பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கிறது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடங்கும் நாளில் எங்கள் ஊர்ப் படகுகள் தூண்டிலுக்குப் போகும் இடம். இருபது பாகத்துக்குச் சற்று மேல் ஆழம்; ஒரு பாகம் சுமார் ஆறடி. 50 மீட்டருக்குள் தரையில் ஊன்றும் காற்றாலைக்கும் அந்த ஆழமே வசதி. நாங்கள் பயந்து ஒதுங்கும் கச்சான் காற்றுக்காகத்தான் அவர்களும் வருகிறார்கள். கடலில் ஊன்றும் கட்டுமானத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் வைக்கலாம் என்கிறது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. ஒரு காற்றாலைக்கு இது சின்ன வட்டம். பல காற்றாலைகள் வரிசையாக நின்றால் என்ன ஆகும் என்று நான் வரைந்து காட்டவே தேவை இருக்கவில்லை.

இதுவரை அனுப்பிய ஆட்சேபத்தில் "காற்றாலை வேண்டாம்" என்று எழுதவில்லை; அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று, படகுகளின் ஜிபிஎஸ் பதிவுகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். இதில் ஊருக்குள் சண்டை உண்டு, அது தனிக் கதை. அடுத்த மனு மின்கேபிள் எங்கே கரையேறும் என்பது பற்றி. கேபிள் 12 மைலுக்குள் வந்தே ஆக வேண்டும், அங்கே கடலோர மண்டல விதி உண்டு. மாமா அந்த மூலைப் புள்ளிகளைத் தன் பார்களின் பெயர்களுக்கு நடுவிலேயே சேமித்து வைத்திருக்கிறார், "சர்க்கார் 1", "சர்க்கார் 2" என்று.