புளி போட்டுத் தேய்த்த காலணா

அப்பத்தாவின் சுருக்குப்பையில் பதினோரு காசுகள் இருந்தன. நான் பார்ப்பதற்குள் அம்மா அதில் ஆறை எடுத்து, குத்துவிளக்கு தேய்த்த கையோடு புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். "எப்படி மின்னுது பாரு" என்றார். நானும் பூரித்துப் போனேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய மூன்று வாரம் ஆனது.

காசு விஷயம் காதில் விழுந்ததும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். 1835ஆம் ஆண்டுக் காசு வைத்திருப்பவர்கள் லட்சாதிபதியாம். எங்களிடம் நான்கு காசில் 1835 என்று இருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் வீடியோவில் கொடுத்திருந்த எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: மூன்றரை லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் கட்டுங்கள். கூடவே ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம். அங்கேதான் உறைத்தது. காசைப் பார்க்காமலே, எடை கேட்காமலே எப்படி விலை சொல்கிறான்? தேடிப் பார்த்தால், பழைய நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அந்த எண்ணை முடக்கிவிட்டு, நானே கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தேன்.

முதலில் என்ன காசு என்று பார்க்க வேண்டும். 1835 காசில் ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்தபடி நிற்கின்றன. மறுபக்கம் இலை வளையத்துக்குள் 'ஒன் குவார்ட்டர் அணா' என்று ஆங்கிலத்தில், கீழே பாரசீக எழுத்து, சுற்றிலும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி. அதாவது காலணா. 1835க்கு முன் வங்காளம், பம்பாய், மதராஸ் மூன்றும் தனித்தனியாகக் காசு அடித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டுச் சட்டம்தான் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே நாணயத்தைக் கொண்டுவந்தது. காலணாவில் 1835 என்று பொறித்தபடியே பல ஆண்டுகள் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். என் லட்சக் கனவில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது.

ஓட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. மீதியில் நான்கு ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப்போரில் உலோகம் மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு 1943 முதல் 1947 வரை அடித்தது. இன்னும் ஏராளமாகக் கிடைக்கிறது. இன்னும் இரண்டு, விக்டோரியா ராணியின் தலை போட்டவை. 1877க்கு முந்தியதில் 'குயின்' என்றும், அதிலிருந்து 'எம்ப்ரஸ்' என்றும் இருக்கும். பதினோராவது காசில் அனுமார், 1818, அரையணா.

அந்த அனுமாரைத்தான் வீட்டில் எல்லோரும் கும்பிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. அப்புறம் 1818இல் கம்பெனி அப்படி ஒரு அரையணாவே அடிக்கவில்லை. மதராஸில் கம்பெனி அடித்த பகோடா என்ற பொன் காசில் சாமி உருவம் உண்டு, அது வேறு சங்கதி. அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது என்று சொல்லி ஊர் ஊராக ஏமாற்றுவது இந்த மாதிரி அனுமார் காசை வைத்துத்தான். அப்பத்தா அதற்கு எவ்வளவு கொடுத்தாரோ!

1835 காலணாவுக்கு எடை 6.47 கிராம் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் என்னுடையவை 6.1இலிருந்து 6.4 வரை காட்டின. தேய்ந்த காசுக்கு அது சரிதான். வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு தெரியும் என்பார்கள். நகத்தால் வருடிப் பார்த்தேன், இல்லை.

சரி, அசல். அசல் என்றால் மதிப்பு உண்டா? பழசு என்பதற்கு மட்டும் யாரும் காசு தருவதில்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு கப்பல். மதராஸில் புழங்குவதற்காக இங்கிலாந்தில் அடித்த செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' 1809இல் அந்நாட்டுக் கரையை ஒட்டிய மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். 1808 என்று பொறித்த, ஒருவர் கையும் படாத காசு. அப்படியும் அது சாமானியர் வாங்கும் விலைக்கே போகிறது, அத்தனை கிடைத்துவிட்டது.

கடைசியில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். வியாபாரிக்கு அறுபது வயது இருக்கும். தேய்த்த காசு ஒன்றை விளிம்பில் பிடித்துத் திருப்பினார். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

"புளியா, எலுமிச்சையா தம்பி?"

"புளிங்க."

செம்பு நூறு, நூற்றைம்பது வருஷம் காற்றில் இருந்து சாக்லேட் நிறத்துக்கு வரும். அந்தத் தோல்தான் காசைக் காப்பாற்றுவது, சேகரிப்பவர் பார்ப்பதும் அதைத்தான் என்றார். அமிலம் அதை உரித்துவிட்டால் கீழே வெளிறிய இளஞ்சிவப்பு வரும். மறுபடி பழுப்பேறினாலும் பழைய நிறம் வராது, பழகிய கண் கண்டுபிடித்துவிடும். பச்சைக் களிம்பு மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் தனியே எடுத்து வைக்க வேண்டுமாம், அது பக்கத்துக் காசுக்கும் தொற்றலாம். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

அம்மா கை படாமல் தப்பிய ஒரே 1835ஐ நீட்டினேன். இந்த முறை லென்ஸ் வெளியே வந்தது. சிங்கத்தின் பிடரி, கேடயத்தின் கோடுகள், இலை நரம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் தேய்வது மேடான அந்த இடங்கள்தான். "விஎஃப் சொல்லலாம்" என்றார். 'வெரி ஃபைன்' என்பதன் சுருக்கம். பெயரில்தான் அத்தனை பெருமை, புழங்கித் தேய்ந்தும் முக்கிய வரிகள் நிற்கிற காசு என்று அர்த்தம். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே முழுக்க 1835.

பழுப்புக் காசுக்கு 150 ரூபாய், தேய்த்த ஆறும் சேர்த்து 100 என்றார். விற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆறும் சேர்த்து நூறா? அதுல பத்து ரூபா புளிக்கே போச்சுடா."