தேம் தாளில் 4, பிறகு 13: ஸ்பானியம் படித்த மூன்று வருடம்

போன வாரம் முடிவு வந்தது. ஸ்பானிய மொழியும் பண்பாடும் பிரிவில் லிசான்ஸ் (மூன்று வருடப் பட்டப்படிப்பு) முடித்துவிட்டேன். ஆறு செமஸ்டர், 180 கிரெடிட். பட்டியலில் என் எண்ணைப் பார்த்ததும் எங்கள் ரீயூனியன் தீவின் (இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரான்சின் பகுதி) சேன்-தெனி பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டாம் வருடம் தேம் தாளில், அதாவது பிரெஞ்சிலிருந்து ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கும் தாளில், 20க்கு 4 வாங்கியவள் நான். இந்த முறை அதே தாளில் 13. நடுவில் என்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். ரீயூனியனில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து இந்தப் பிரிவுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். எந்தத் தாள் எப்போது, எந்தத் தாளில் குறைந்த மதிப்பெண்ணை எதால் ஈடுகட்டலாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் அந்த 4. பிரெஞ்சும் ஸ்பானியமும் அக்கா தங்கை, ஒன்று தெரிந்தால் மற்றது வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் அது ஓடியது. தேம் தாளில் ஓடவில்லை. 'அவன் வரும்போது சொல்கிறேன்' என்கிற மாதிரி ஒரு வாக்கியம். பிரெஞ்சில் அங்கே எதிர்காலம் வரும். நானும் 'குவாந்தோ வெந்த்ரா' என்று எழுதினேன். 'குவாந்தோ வெங்கா' என்று ஸுப்ஹுந்திவோவில் (இன்னும் நடக்காததை, உறுதியில்லாததைச் சொல்லும் வினை வடிவம்) வர வேண்டும். 'என்னிடம் பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதையும் பிரெஞ்சு அச்சிலேயே வார்த்தேன். 'ஸி துவியேரா' என்று தொடங்கியிருக்க வேண்டும். போதாததற்கு, தெரியாத இரண்டு வரியை அப்படியே விட்டுவிட்டேன். எங்களுக்குத் திருத்தியவர்கள் விட்ட வரிக்கு, அந்த வரியில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழைக்கு உண்டான மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். அந்த இரண்டு வரிதான் என்னை ரத்ரபாஜுக்கு (மறுதேர்வு) அனுப்பியது. இன்னும் ஆறவில்லை.

ரத்ரபாஜுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள், சேன்-ஆந்த்ரே ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆயா (என் பாட்டி) நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தலை வலிக்குதுடி" என்றார். ஆயா காரைக்காலிலிருந்து வந்தவர், எங்களோடு தமிழ்தான் பேசுவார். என் மடியில் இருந்த புத்தகத்தில் 'மே துவேலே லா கபேஸா' என்று இருந்தது. 'மே' என்றால் எனக்கு. 'துவேலே' என்றால் வலிக்கிறது. 'லா கபேஸா' தலை. சொல்லுக்குச் சொல் ஆயா பேசியதுதான்! பிரெஞ்சில் இதைச் சொல்ல 'நான்' என்று தொடங்க வேண்டும். 'எனக்குக் காபி பிடிக்கும்', 'மே குஸ்தா எல் கஃபே': இதுவும் அதே கட்டு. 'கால்கள் வலிக்கின்றன' என்று நாம் பன்மை போடுகிற இடத்தில் அவர்களும் 'மே துவேலென் லாஸ் பியெர்னாஸ்' என்று போடுகிறார்கள். அரைகுறையாகத் தெரிந்த ஒரு பாடம் அன்று ஒரே சாயங்காலத்தில் முடிந்தது.

அப்புறம் தேடத் தேடக் கிடைத்தது. ஸ்பானியத்தில் ஆளைக் குறிக்கும் செயப்படுபொருளுக்கு முன்னால் 'ஆ' வரும், பொருளுக்கு வராது. வகுப்பில் பாதிப் பேர் மூன்றாம் வருடம் வரை இதில் தடுக்கி விழுந்தார்கள். நம் 'ஐ' வேற்றுமையை நினைத்துப் பாருங்கள். 'வீடு பார்த்தேன்' என்று சொல்லலாம், 'ஆயா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது; 'ஆயாவைப் பார்த்தேன்' என்றுதான் வர வேண்டும். ஸ்பானியத்திலும் 'வேயோ உனா காஸா' (வீடு பார்க்கிறேன்), 'வேயோ ஆ மி அபுவேலா' (என் ஆயாவைப் பார்க்கிறேன்). இன்னும் ஒரு படி மேலே போங்கள். இன்னார் என்று தெரியாத ஆளாக இருந்தால் ஸ்பானியத்தில் 'ஆ' பெரும்பாலும் விழுந்துவிடும்: 'புஸ்கோ உன் மெதிகோ', ஏதோ ஒரு டாக்டர் தேடுகிறேன். நம் வீடுகளில் 'மாப்பிள்ளை பார்க்கிறார்கள்' என்பதும், 'மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்' என்பதும் இதே வித்தியாசம்தானே. இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. பரீட்சையில் ஒரு தடவைகூட இது என்னைக் கைவிடவில்லை.

உச்சரிப்பும் அப்படித்தான். தொண்டையிலிருந்து வரும் பிரெஞ்சு 'ர'வை மறந்துவிடுங்கள், நம் நாக்கு நுனி 'ர' போதும். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். இரண்டாவதை நாக்கு உருளும்படி சொல்ல வேண்டும். 'நாதா' என்பதில் வரும் 'த' நம் 'அது'வில் வருகிற மெல்லிய 'த'தான். வாய்மொழித் தேர்வில் எனக்கு மதிப்பெண் ஏறியதற்கு இது ஒரு காரணம்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. அங்கே மனப்பாடம்தான்.

- ஸேர், எஸ்தார் (இரண்டுக்கும் 'இருப்பது' என்று பொருள்; 'எஸ்' ஸேரின் வடிவம், 'எஸ்தா' எஸ்தாரின் வடிவம்): நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். செத்துப்போனவருக்கும் 'எஸ்தா முவெர்தோ' என்று எஸ்தார்தான் வருகிறது. 'எஸ் லிஸ்தோ' கெட்டிக்காரன், 'எஸ்தா லிஸ்தோ' தயாராக இருக்கிறான். ஜோடி ஜோடியாகப் படியுங்கள்.
- கடந்தகால ஸுப்ஹுந்திவோ: 'துவியேரோன்' (அவர்களிடம் இருந்தது) தெரிந்தால் 'ரோன்' எடுத்துவிட்டு 'ரா' போடுங்கள், 'துவியேரா'. 'இஸியேரோன்' (செய்தார்கள்), 'இஸியேரா'. எல்லா வினைக்கும் பொருந்தும்.
- இல்லாத வினை வடிவத்தை எழுதினால் தண்டனை கடுமை. 'ஆந்தார்' (நடப்பது) கடந்தகாலத்தில் 'ஆந்துவே', 'ஆந்தே' அல்ல. ஸ்பெயின்காரர்களே தவறும் இடம் இது.
- பிரெஞ்சு மாதிரியே இருந்து ஏமாற்றும் சொற்கள், அவற்றின் ஸ்பானியப் பொருளோடு: 'எந்தெந்தேர்' புரிந்துகொள்வது. 'கித்தார்' அகற்றுவது. 'லார்கோ' நீளம். 'சுபீர்' ஏறுவது. 'சலீர்' வெளியே போவது.
- தெரியாத சொல் வந்தால் சுற்றி வளைத்தாவது எழுதுங்கள். வரியை விடாதீர்கள். விடவே விடாதீர்கள்.
- கடைசி இருபது நிமிடம் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள்.

வெர்ஸியோன் (ஸ்பானியத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும் தாள்) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உங்கள் பிரெஞ்சு நன்றாக இருந்தால் தேறிவிடும். இலக்கியத்தில் ஸ்பானியச் செய்யுள் வந்தால் முதலில் அசை (சிலபிள்) எண்ணுங்கள். வரியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் இருந்தால் ஒன்று கூட்டுங்கள், கடைசியிலிருந்து மூன்றாவதில் இருந்தால் ஒன்று கழியுங்கள். சொல் முடிவிலும் அடுத்த சொல் தொடக்கத்திலும் உயிர் சந்தித்தால் வழக்கமாக ஒன்றாகவே எண்ண வேண்டும்.

சிவிலிசாசியோன் (ஸ்பானியம் பேசும் நாடுகளின் வரலாறும் சமூகமும்) நான் ஆசையோடு படித்த தாள். 711, 1492, 1898, 1931, 1936, 1975, 1978: ஸ்பெயின் வரலாற்றின் திருப்புமுனையான இந்த ஏழு வருடங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் பார்க்காமல் எழுத வருமளவு பழகினேன். கியூபா பகுதிதான் என்னை உலுக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகள் போதாமல் 1847 முதல் சீனர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886இல்தான். நம் தீவில் 1848 டிசம்பர் 20இல் அது ஒழிந்தது, தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஊர்ப் பெயர்களை மாற்றினால் நம் கதை. சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் 'அஸூகர்'கூட அரபி, பாரசீகம் வழியாக சமஸ்கிருத 'சர்க்கரா'விலிருந்து போனது. நம் 'சர்க்கரை'யும் அதிலிருந்து வந்ததுதான். விடைத்தாளில் ரீயூனியனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். கேள்வி கியூபாவைப் பற்றியது, அதற்கு மேல் போகக் கூடாது. ஆனால் அந்தத் தாளை எழுதும்போது ஒரு தேதிகூட மறக்கவில்லை.

காதுப் பயிற்சிக்கு இங்கே ஸ்பானியம் பேசுகிற ஆள் கிடைப்பது கஷ்டம். நான் ஸ்பெயின் தேசிய வானொலியைக் கேட்டேன். மத்ரீத் காலை ஏழு மணிச் செய்தி நமக்குக் கோடையில் ஒன்பது, குளிர்காலத்தில் பத்து (கோடை என்று சொல்வது அவர்கள் கோடையை). ஐந்து நிமிடம் கேட்டு, கேட்டதை எழுதுவேன். தினமும். ஸ்பானிய மொழிக்கான ஸ்பெயின் அரச கல்விக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம், வினைத் திரிபும் அதிலேயே இருக்கிறது. வேறு அகராதிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கூட்டமாகப் படிப்பது எனக்குச் சரிப்படவில்லை. விடியற்காலையில் தனியாக, சத்தம் போட்டுப் படித்ததுதான் நின்றது.

ஆயா வாயிலிருந்து வருகிற வாக்கியங்களை ஒரு நோட்டில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் ஸ்பானியத்தில் எழுதி வந்தேன். பசி, வெட்கம், வலி, பிடித்தது, பிடிக்காதது, யாரைப் பார்த்தார், யாருக்காகக் காத்திருக்கிறார், எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களை வைத்து நீங்களே தொடங்குவதுதான் நல்லது. மாதிரிக்கு வேண்டுமென்றால் இந்த மாதக் கடைசி வரை சேன்-ஆந்த்ரேயில்தான் இருப்பேன், வந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.