அர்வோ பேர்ட்டின் ‘ஃபியூர் அலீனா’: பியானோவில் வாசித்துப் பழகிய குறிப்புகள்

‘ஃபியூர் அலீனா’, எஸ்டோனிய இசையமைப்பாளர் அர்வோ பேர்ட் 1976-இல் எழுதிய பியானோ இசை. இரண்டே பக்கம், தாளக் குறி கிடையாது. ஒரு பாருக்கு (நோட்டேஷனில் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) ஒரு சுரம் வீதம் கூடிக்கொண்டே போய், அதேபோல் ஒன்றொன்றாகக் குறைகிறது. சுரங்கள் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். அவற்றை ஒழுங்காக ஒலிக்க வைப்பதுதான் நாள் பிடிக்கும் வேலை.

வலது கை பி மைனர் ஸ்கேலில் நடக்கிறது. இடது கைக்கு பி, டி, எஃப் ஷார்ப் மட்டும். இவற்றில் வலது கைச் சுரத்துக்கு அடுத்துக் கீழே எது வருகிறதோ அது. வலதில் சி ஷார்ப் என்றால் இடதில் பி. ஈ-க்கு டி, ஜி-க்கு எஃப் ஷார்ப். இந்த விதி பிடிபட்டால் இடது கையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஓரிடத்தில் இடது கைக்கு சி ஷார்ப் வரும், நோட்டேஷனில் அங்கே ஒரு பூ வரைந்திருக்கும். விரல் பழக்கத்தில் அந்த மூன்று சுரங்களுக்குள்ளேயே போய்விடுவதால் அந்தப் பாரை மட்டும் தனியாக எடுத்து வாசிக்க வேண்டும்.

பெரிய சிக்கல், இரண்டு கையும் ஒன்றாக விழாமல் போவது. இவ்வளவு மெதுவான, மெல்லிய வாசிப்பில் மயிரிழை பிசகும் கேட்கும். சில சமயம் ஒரு கட்டை இறங்கியும் சத்தமே வராது. சுத்தியல் கம்பியைத் தொடும் வேகம் போதாததுதான் காரணம். மேலிருந்து விரலைப் போடாமல், இரண்டு விரலும் கட்டையின் மேல் பட்டபிறகு சேர்த்து அழுத்தினால் சரியாகிறது. பெடல் இல்லாமல் பழகுவதில் பயனில்லை: பெடல் டேம்பர்களை (கம்பியின் அதிர்வை அடக்கும் பகுதிகளை) முன்பே தூக்கிவிடுவதால் கட்டையின் கனமே குறைகிறது, கை வேறு எடைக்குப் பழகிவிடும்.

ஜி-யும் எஃப் ஷார்ப்பும் சேரும் இடத்தில் இரண்டும் ஒரே பலத்தில் விழுந்தால் காதைக் கீறும். இடது கையை ஒரு படி தாழ்த்தினால் அதே உரசல் மணியின் ரீங்காரம் போலாகிறது. இந்த இசையின் அழகே அங்கேதான்.

தண்டில்லாத கறுப்புச் சுரம் குறுகியது, வெள்ளைச் சுரம் நீண்டது. எவ்வளவு என்ற கணக்கு இல்லை. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வேண்டாம். முந்தைய ஒலி எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, அந்த அளவிலேயே அடுத்த சுரத்தைத் தொடுங்கள். பொறுமையில்லாமல் முந்தினால் ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிடச் சத்தமாகி, வரி உடைகிறது.

தொடக்கத்தில் பெடலை அழுத்திய பிறகே அடியிலுள்ள பி-யைத் தொட வேண்டும். அப்போதுதான் மற்றக் கம்பிகளும் சேர்ந்து அதிரும். டிஜிட்டல் பியானோவில் இந்த அதிர்வைப் போலச் செய்யும் ஸ்ட்ரிங் ரெசொனன்ஸ் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) குறைந்த கருவிகள், பெடல் நீண்ட நேரம் அழுந்தியிருக்கும்போது பழைய சுரத்தை முதலில் வெட்டும், அதாவது இந்த பி-யைத்தான்.

கடைசிப் பகுதிக்கு முன் பெடல் மாறியதும் அடிநாதத்தின் மிச்சம் போய்விடுகிறது. அதுவரை இருந்த அதே பலம் இங்கே மெலிந்து, வறண்டு கேட்கும். சத்தத்தைக் கூட்டுவதைவிட, வெள்ளைச் சுரங்களை இன்னும் சற்று நீள விடுவது பலன் தருகிறது.