சுவரில் நீலமும் ஆரஞ்சும்

நீலமும் ஆரஞ்சும் அருகருகே நிற்பதை இயற்கையில் எங்கு கண்டாலும் என் மனம் துள்ளும். அதே இரண்டு நிறங்களையும் ஒரு வரவேற்பறையின் எதிரெதிர்ச் சுவர்களில் பூசியிருந்தால், உள்ளே நுழைந்த சிறிது நேரத்திலேயே எழுந்து வெளியே போகத் தோன்றுகிறது. நிறங்கள் அவையேதான் என்னும்போது, இந்த விருப்பும் வெறுப்பும் எங்கிருந்து வருகின்றன என்று வெகுகாலமாக யோசித்து வருகிறேன். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்கிறது என்பதைவிட, எந்த அளவில், எத்தகைய பரப்பில், எந்த வெளிச்சத்தில் சேர்கிறது என்பதே என்னைப் பாதிக்கிறது என்பது என் முடிவு.

சிறு மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் வயிற்றில் உள்ள ஆரஞ்சு நிறம், நிறமிகளால் ஆனது. முதுகின் நீலத்துக்கோ நீல நிறமி என்று எதுவும் கிடையாது. இறகினுள் இருக்கும் பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம் பிறக்கிறது. உற்றுப் பார்த்தால் அது ஒரே நீலமாகவும் இல்லை: சிறகில் பச்சை கலந்த நீலம், அதன்மேல் வெளிர்ந்த புள்ளிகள், முதுகின் நடுவில் மட்டும் பளீரென்று ஒரு கோடு. கழுத்தின் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டு ஒன்று இரு நிறங்களுக்கும் இடையே புகுந்து நிற்கிறது. பெயின்ட் பூசிய சுவரில் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. மூலைக்கு மூலை ஒரே அடர்த்தியில் நீலம், அதற்குச் சமமான பரப்பில் ஆரஞ்சு. கண்ணுக்கு இளைப்பாற இடமே இல்லை.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை என்ன செய்யும் என்பதை முறையாக ஆராய்ந்தவர் பிரான்சின் வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல். 1824இல் பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற அவரிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை என்றும், அருகில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கறுப்பின் ஆழத்தைக் குலைக்கின்றன என்றும் அவர் கண்டறிந்தார். தம் ஆய்வை 1839இல் நூலாக வெளியிட்டார். நீலமும் ஆரஞ்சும் போன்ற எதிர் நிறங்கள் ஒன்றையொன்று மேலும் கூர்மையாக்கும் என்பதும் அவர் விளக்கியதே. ஒரு பறவையின் உடலில் என்னைக் கிளர்ச்சியூட்டும் அந்தக் கூர்மை, நாள் முழுவதும் நான்கு பக்கமும் சூழ்ந்திருந்தால் களைப்பையே தருகிறது.

பச்சையிலும் இதே அனுபவம்தான். எந்தப் பூவின் நிறத்தையும் இலைப்பச்சை ஏற்றுக்கொள்கிறது. இளஞ்சிவப்பு, ஊதா, மஞ்சள் எல்லாம் அதன்மேல் பொருந்திவிடுகின்றன. அந்தப் பச்சை ஒன்றல்ல, பல என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இலையின் மேற்புறம் மினுங்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும். வெயிலைப் பின்னால் வைத்துப் பார்த்தால் அதே இலை மஞ்சளாக ஒளிரும். தளிரில் ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி சேர்ந்திருந்தால் செம்மையும் ஓடும். ஆகவே வீட்டில் பச்சை வேண்டுமென்றால் சுவரைப் பச்சையாக்குவதைவிட, மங்கிய வெள்ளைச் சுவரின் முன் ஒரு செடியை வைப்பதே எனக்கு உவப்பானது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் ஒளியில் நம் கண் ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சையை மிகுதியாக உணர்கிறது. இருள் கவியும்போது அந்த உச்சம் 500 நானோமீட்டர் அளவுக்கு, நீலத்தை நோக்கி நகர்கிறது. பர்கின்யே விளைவு எனப்படும் இதனால்தான் அந்தி நேரத்தில் சிவப்பு மலர்கள் முதலில் கறுத்துப்போக, இலைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. பகலில் இலையும் மலரும் போட்டியிடும் ஒரு செடி, அந்த நேரத்தில் என் கண்ணுக்கு மிக அழகாகிவிடுகிறது.

வீட்டுக்குள் இந்த மாற்றத்தைச் செய்வது விளக்கு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். 2700 கெல்வின் பல்பின் மஞ்சள் ஒளியில் சாம்பல்நீலச் சுவர் தன் குளிர்ச்சியை இழந்து சற்றே பச்சை தட்டுகிறது. 6500 கெல்வினின் நீலம் கலந்த வெள்ளை ஒளியில் அதே சுவர் விறைப்பாக நிற்கிறது, எதிரே உள்ள பழுப்பு மரச்சாமான்கள் உயிரற்றுப்போகின்றன. நீலச் சுவரும் மர நிறமும் எனக்கு மிகவும் பிடித்த இணை. அதற்காகச் சுவரின் நீலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மஞ்சள் ஒளியையே வைத்துக்கொள்வேன்.