மாமாவும் நானும் ரோபோ பார்க்கப் போன கதை

அத்தைக்கு நாங்கள் சொன்ன காரணம் கோயில். ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் துளசி வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று. மாமாவின் மனசெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் மகன் வேலை பார்க்கும் கம்பெனி மேல்தான் இருந்தது. கார்களுக்குத் தகடு உறுப்புகள் செய்து கொடுக்கிற இடம். வருடத்தில் ஒரு நாள் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள்.

காலை ஆறரைக்கு அம்பத்தூரிலிருந்து கிளம்பி வானகரம் வழியாகப் பூந்தமல்லி. அந்த நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவில்தான் கார் ஓட்ட வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் தூங்கும் தலைகள். இருங்காட்டுக்கோட்டை வந்ததும் மாமா ஹூண்டாய் தொழிற்சாலைப் பக்கம் கை காட்டினார். 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ வெளியே வந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய பட்டறைக்கும் ஓவர்டைம் வேலை கூடியதாம்.

கை காட்டினார் என்றேன். இடது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது. தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்டது. சின்ன வயதில் எங்களுக்கு அவர் 'அரைவிரல் மாமா'.

கேட்டில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், கண்ணாடி கொடுத்தார்கள். உள்ளே முதலில் காதுக்குத்தான் வேலை. மஞ்சள் வேலிக்குப் பின்னால் நான்கு ரோபோ கைகள், ஒரு கதவுச் சட்டத்தைச் சுற்றி. இடுப்பு, தோள், முழங்கை, அப்புறம் மணிக்கட்டில் மட்டும் மூன்று திருப்பம். மொத்தம் ஆறு அச்சு. நுனியில் வெல்டிங் கன். இரண்டு செப்பு முனைகள் தகட்டைக் கவ்வும்; பல ஆயிரம் ஆம்பியர் கரண்ட், ஒரு நொடிகூட இல்லை, தகடு இரண்டும் உருகி ஒட்டிவிடும். சில நூறு பொட்டு வைத்ததும் முனை மழுங்கிவிடுகிறது. உடனே அந்தக் கை தானாக ஓரத்துக்குப் போய், ஒரு சின்ன மிஷினில் முனையைப் பென்சில் சீவுவதுபோல் சீவிக்கொண்டு வருகிறது. எனக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

ரோபோ என்ற சொல்லே 'ரொபோட்டா' என்ற செக் மொழிச் சொல்லிலிருந்து 1920-ல் வந்தது. கட்டாய வேலை என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் வருகிற 'வெட்டி'யும் அதேதான், கூலியில்லாக் கட்டாய வேலை. இந்தக் கைகளைப் பார்த்து யாரும் வெட்டி வேலை என்று சொல்லிவிட முடியாது.

மாமா பார்த்தது வேறு. தகடுகளைச் சட்டத்தில் எடுத்து வைக்க ரோபோ இல்லை, இருபது வயதுப் பெண் ஒருத்தி. நான்கு தகடு பொருத்துகிறாள், பின்னால் நகர்கிறாள், இடுப்பு உயரத்தில் தள்ளித்தள்ளி இருக்கிற இரண்டு பட்டன்களை இரு கையாலும் அழுத்துகிறாள். மேடை சுழன்று ரோபோவிடம் போகிறது.

"டேய், இது எங்க பிரஸ்ல இருந்ததுதான்டா!" என்றார் மாமா. கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கக் கூடாது என்றுதான் இரண்டு பட்டன். எத்தனை பீஸோ அத்தனை கூலி என்ற பீஸ் ரேட் காலத்தில் யார் அதை மதித்தார்கள்? ஒரு பட்டனை அழுத்தித் தீக்குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம்.

மகன் சிரித்தான். "இப்ப அது நடக்காதுப்பா. ரெண்டையும் அரை செகண்டுக்குள்ள சேர்த்து அழுத்தணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் விட்டுட்டுத்தான் மறுபடி அழுத்தணும். குச்சி சொருகினா மிஷின் நகரவே நகராது."

மாமா சிரிக்கவில்லை.

பயிற்சி அறையில் ஒரு சின்ன ரோபோ இருந்தது. மகன் என் கையில் பென்டன்ட்டைக் கொடுத்தான், ரோபோவை நகர்த்திக் கற்றுக்கொடுக்கிற கைப்பெட்டி. கற்றுக்கொடுக்கும்போது கை நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பென்டன்ட்டின் பின்பக்கம் ஒரு சுவிட்ச், அதைப் பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். விட்டால் நிற்கும். சரி, அது புரிகிறது. கை என் பக்கமாக வரவும் பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டேன். அப்போதும் டக்கென்று நின்றது. "அத்தான், பயந்தா சிலர் கையை விட்டுடுவாங்க, சிலர் இறுக்கிடுவாங்க. ரெண்டுக்கும் நிக்கணும்ல" என்றான். உள்ளே இருந்த அத்தனை லட்ச ரூபாய் சாமான்களில் எனக்குப் பிடித்தது அந்தச் சுவிட்ச்தான்.

"கதவு லைன்ல முன்னாடி எத்தனை பேர் இருந்தாங்க?" என்று மாமா கேட்டார். மகன் கேன்டீனில் கேசரி நன்றாக இருக்கும் என்றான்.

வெளியே வந்து சாலையோரம் டீ குடித்தோம். மாமா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கு அந்தக் குச்சிய யாரு சொருகுனான்னு நெனைக்கிற?"

வீட்டில் எல்லோருக்கும் அது மிஷின் கோளாறு என்றுதான் தெரியும்.

"பத்து பீஸ் பாக்கி. மணி அஞ்சு ஆயிடுச்சு" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது, உங்க அத்தை இதெல்லாம் எங்க படிக்கப் போறா" என்றார். அப்புறம்தான் அவருக்குத் துளசி ஞாபகம் வந்தது. நடை சாத்துவதற்குள் போயாக வேண்டும் என்று, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காருக்கு நடந்தார்.