கேட்டவைக்கும்

“கேட்டவைக்கும் எண்டதையும் எழுதினீங்களோ தங்கச்சி?”

“எழுதிட்டேன் அண்ணே.”

எழுதவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு சொல்லை எழுதியிருந்தேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் கேள்வியும் என் பதிலும் மட்டும் நேற்று நடந்ததைப் போல அப்படியே நிற்கின்றன.

2022 எப்படி இருந்தது என்று நம் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மார்ச் 22-ல் ஆரம்பித்தது. இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் படகில் வந்து, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, கைக்குழந்தையும் பையுமாக நின்றவர்கள். பிறகு மண்டபம் அகதி முகாம். எங்கள் அலுவலகம் சின்னது. வக்கீல் சார், நான், ஒரு பிரிண்டர். வந்தவர்கள் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். முடிந்ததும் திரையைப் பார்த்துத் தமிழிலேயே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். சரி என்றால் கையெழுத்து. ஆங்கிலம்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தமிழில் சறுக்குவேன் என்று நினைக்கவில்லை.

அந்த அண்ணனுக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. வந்த காரணம் அந்த வருஷம் எல்லோரும் சொன்னதுதான்: அரிசி விலை, பால்மா விலை, வேலை இல்லை. ஆனால் எங்கள் படிவம் 2009-ஐயும், அங்கே போர் முடிந்த வருஷத்தையும் கேட்கும். அந்த இடத்துக்கு வந்ததும், குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டுவது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார்.

“நேரா வெட்டக் கூடாது. எல் மாதிரி மடிச்சு வெட்ட வேணும். அப்பத்தான் வாசலடியில ஷெல் விழுந்தாலும் துண்டு உள்ளுக்க வராது.” மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. நந்திக்கடல் காயலுக்கும் பெரிய கடலுக்கும் நடுவில் இருந்த மணல் துண்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அதெல்லாம் நடக்கவில்லை. வெட்ட வெட்ட மணல் சரியும். இடுப்பளவு போவதற்குள் தண்ணீர் ஊறிவிடும். சரிவைத் தாங்க மூட்டை வேண்டும்; சாக்கு கிடையாது. சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். மனைவியின் கூறைச்சேலையும் அப்படித்தான் போனது. “ஒரு சேலையில எத்தினை பை வரும் எண்டு எனக்கு இப்பவும் தெரியும்” என்று சொல்லிவிட்டு, மேசை ஓரத்தில் சாண் வைத்து அளந்து காட்டினார்.

அந்த மணல் எனக்குத் தெரியும். தனுஷ்கோடியில் என் அம்மாச்சி கையாலேயே மணலைப் பறித்துக் குடிதண்ணீர் எடுத்தவர். இரண்டு மூன்று அடியில் ஊறிவிடும். கரை சரிந்து மூடுவதற்குள் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார். அந்த அண்ணன் சொல்லச் சொல்ல என் விரல்கள் அந்த ஈர மணலுக்குள் இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவரை முழுக்கத் தெரிந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

அப்போதுதான் சொன்னார். “எங்களுக்கும் வெட்டினன். கேட்டவைக்கும் வெட்டினன்.”

நம் காதுக்குக் ‘கேட்டவை’ என்றால் காதில் விழுந்த விஷயங்கள். அஃறிணை. அவர்கள் பேச்சில் அது ஆட்கள், கேட்டவர்கள். கேட்டவர்கள் யார்? பக்கத்துக் கூடாரத்தில் பிள்ளைகளோடு இருந்த குடும்பமா? துப்பாக்கியோடு வந்து நின்று கேட்டவர்களா? பங்கர் என்ற சொல்லிலும் இதே சிக்கல். பிள்ளைகளை இறக்கி உட்கார வைக்கிற குழியும் பங்கர்தான், முன்னரங்கில் ஆள் நின்று சுடுகிற குழியும் பங்கர்தான்.

“யாருண்ணே கேட்டாங்க?” இரண்டே சொல். நான் கேட்கவில்லை. ‘நெய்பர்ஸ்’ என்று தட்டினேன். அண்டை வீட்டார். என் விரல் நின்ற விதத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ, உடனே அந்தக் கேள்வியைக் கேட்டார். எழுதிட்டேன் என்றேன். அதோடு விட்டேனா? திருப்பி வாசிக்கும்போது, திரையில் நெய்பர்ஸ் என்று இருந்த இடத்தில் என் வாய் ‘கேட்டவங்களுக்கும்’ என்று சொன்னது. அவர் அந்த வரியைக் கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டினார். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், இங்கே 1992-லிருந்து தடை செய்யப்பட்டது. கோப்பில் ஒரு சொல் பிசகினால், குடும்பம் மண்டபத்தில் இருக்க, ஆள் காவலில், திருச்சி சிறப்பு முகாமில் இருப்பார் என்கிற பயம் எங்கள் வேலையில் உள்ள எல்லோருக்கும் உண்டு. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை; இன்ன தகுதி இருந்தால் இன்ன பாதுகாப்பு என்று எடுத்துக் காட்ட எங்கள் கையில் தனிச் சட்டமும் இல்லை. வெளியே அவருடைய மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். யோசிப்பதற்கு முன்னால் விரல் தட்டிவிட்டது. யோசனை பிறகு வந்து சேர்ந்தது.

சில மாதம் கழித்து ராமநாதபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி. பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தின், அதாவது போர் நேரத்து விதிகளின், முக்கியமான சொற்கள், கருத்துகள். தமிழ்ச் சொற்பட்டியல் தயாரிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முதல் சொல்லிலேயே மாட்டினேன். ‘சிவிலியன்’, சண்டையில் சேராத ஆள். குடிமகன் என்று எழுத முடியாது; குடியுரிமை இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. பொதுமக்கள் என்றால் கூட்டம். ஒற்றை ஆளைப் பொதுமகன் என்று எந்த வாய் சொல்கிறது? வட இலங்கையின் வன்னிக்காரர்கள் சனம் என்பார்கள். அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பட்டியலில் ஏற்கமாட்டார்கள். எதிர்ப் பக்கத்துச் சொல்லும் லேசில்லை. போராளி என்றால் அதில் ஒரு மரியாதை ஏறிவிடுகிறது. தீவிரவாதி என்றால் தீர்ப்பே வந்துவிடுகிறது. அந்த விதிகளை எழுதி வைத்த ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு இரண்டும் வேண்டாம். ஆள் நல்லவரா கெட்டவரா, போர் நியாயமா இல்லையா என்று பார்க்காமல், சண்டை போடுகிறவரா இல்லையா என்று பார்க்கிற சட்டம் அது.

இதைவிட ஒன்று சொன்னார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கிற போரில், நாடுகளுக்கிடையிலான போரில் இருப்பது போல ‘போரிடுபவர்’ என்ற சட்டத் தகுதியே கிடையாதாம். போர்க்கைதி என்ற தகுதியும் கிடையாது. 1949-ன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் பொதுவாக இருக்கிற 3-ஆம் பிரிவுதான் அங்கே அடித்தளம்: சண்டையில் பங்கெடுக்காதவரை, ஆயுதத்தைக் கீழே போட்டவரை, காயம்பட்டவரை மனிதத்தன்மையோடு நடத்து. இந்த நான்கிலும் இந்தியா 1950-ல் சேர்ந்தது, இலங்கை 1959-ல். உள்நாட்டுப் போருக்கென்றே அந்த ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்த்து எழுதப்பட்ட இரண்டாம் நெறிமுறையில் இரண்டு நாடுமே சேரவில்லை.

‘பாதுகாப்பு வலயம்’ வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். நான்காம் ஒப்பந்தத்தின் 14, 15-ஆம் பிரிவுகளில் இருப்பது, சண்டை போடுகிற தரப்புகள் பேசி ஒப்புக்கொண்டு, காயம்பட்டவருக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்குகிற இடம். 2009-ல் அரசு மட்டும் தனியாக அறிவித்துச் சனத்தை வரச் சொன்ன இடத்துக்கும் அதே பெயர். ராணுவம் எடுத்துக்கொண்டு ஊர்க்காரரை வெளியே நிறுத்திய யாழ்ப்பாணத்துக் காணிக்கும் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்றே பெயர். இந்த மூன்றையும் பட்டியலில் ஒரே கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?

இரண்டாம் நாள் ‘சண்டையில் நேரடிப் பங்கேற்பு’. சனமாக இருப்பவர் நேரடியாகப் பங்கெடுக்கும் நேரத்துக்கு மட்டும் பாதுகாப்பை இழக்கிறார். விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. எது நேரடி என்று செஞ்சிலுவையின் பன்னாட்டுக் குழு ஒரு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. வெளியான வருஷமும் 2009-தான். அந்தச் செயலால் எதிர்த் தரப்பின் படை நடவடிக்கைக்குக் கெடுதலோ, பாதுகாப்புள்ள ஆட்களுக்குச் சாவோ காயமோ, பொருளுக்கு அழிவோ வரக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தக் கெடுதல் நேராக அந்தச் செயலிலிருந்தே வரவேண்டும். ஒரு தரப்புக்கு ஆதரவாக, மறு தரப்புக்கு எதிராக என்று அந்தச் செயல் அமைந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நேரடி. ஒரு குறிப்பிட்ட படை நடவடிக்கையோடு சேராமல் ரோடு போடுவதும் பாலம் கட்டுவதும் அதில் வராது.

நான் எழுந்து கேட்டேன். “பங்கர் வெட்டினவர் எந்தப் பக்கம் சார்?”

பயிற்சியாளர் ஒரே மூச்சில் திருப்பிக் கேட்டார். “யாருக்கு வெட்டினார்? எப்போ? எந்த இடத்துல? அவராப் போனாரா, பிடிச்சுட்டுப் போனாங்களா?”

நாலு கேள்வி. அதில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. (கடைசிக் கேள்விக்கு அந்த விளக்கத்தில் பெரிய எடை இல்லை என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். செயல் எதற்காக அமைந்தது என்றுதான் பார்க்கிறார்கள். செய்தவர் மனசை அல்ல. மனசாலோ பயத்தாலோ மண்வெட்டியை எடுத்தாலும் குழி ஒன்றுதான் என்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.)

அன்று மதியம் ஒரு வரி எனக்கு மருந்து போல வந்தது. 1977-ன் முதல் நெறிமுறை, 50-ஆம் பிரிவு: ஒருவர் சனமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், சனம் என்றே கொள்ள வேண்டும். நான் செய்தது அதுதானே! சந்தேகம் வந்தது, சனம் என்று கொண்டேன், நெய்பர்ஸ் என்று தட்டினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அது துப்பாக்கி பிடித்தவனுக்குச் சொன்ன விதி. சந்தேகம் இருந்தால் சுடாதே என்று அர்த்தம். எதிரில் உயிரோடு உட்கார்ந்து, தானே வாய் திறந்து சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர் முன்னால் கீபோர்டு வைத்திருப்பவளுக்கு அதில் என்ன இருக்கிறது? எனக்குப் பொருந்தக்கூடிய விதி வேறு இடத்தில் இருந்தது. 57-ஆம் பிரிவு, அதுவும் தாக்குபவனுக்குச் சொன்னதுதான்: முடிந்தவரை சரிபார். எனக்கு முடிந்தது. ஒரு கேள்வி தூரம்தான்.

வக்கீல் சாரிடம் மறுநாள் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நல்லதுதாம்மா செஞ்சிருக்க. விட்டுரு. இப்பப் போயித் திருத்தினா, ஏன் திருத்தினீங்கங்கிறதுதான் முதல் கேள்வியா வரும்” என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் திருத்தவில்லை. ஆனால் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

அந்த அண்ணன் பேசியதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ‘எண்டதையும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’மில் வந்து நிற்கிறேன். எழுதுகிறவர்கள் விட்டுவிடக்கூடிய வரி அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விடக் கூடாது என்று விரும்பியிருக்கிறார். பதின்மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாததை ஒரு காகிதத்தில் இறக்கி வைக்கத்தான் வந்தாரோ? அந்தக் கோப்பால் என்ன வரும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் வாழ்க்கை, அவர் வாக்குமூலம். எதைச் சொல்லலாம் என்று முடிவு எடுக்க நான் யார்?

இன்னொரு நாள் வேறு விதமாகத் தோன்றும். கேட்டவை என்றால் வெறுமனே பக்கத்துக் குடும்பங்கள்தானோ என்னவோ. தனக்கு மட்டும் வெட்டிக்கொள்ளவில்லை, கேட்ட எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன் என்று, அந்த நாட்களில் தான் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பதிவு செய்யச் சொல்லியிருப்பார். அப்படியானால் நான் தட்டிய சொல் சரி. ஆனால் நான் அதைத் தட்டியது அவர் அப்படிச் சொன்னார் என்பதால் அல்ல. வேறு மாதிரி இருக்குமோ என்று பயந்ததால். காப்பாற்றினேன் என்று நினைத்தேனே, அந்த நினைப்புக்கு அடியில் இருந்தது சந்தேகம். வன்னியிலிருந்து வந்த ஒரு மனிதர் குழி வெட்டினேன் என்றதும் என் மனசு எங்கே போனது என்று பாருங்கள்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம் பஸ் ஸ்டாப்பில் அந்த அண்ணனைப் பார்த்தேன். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்த நேரம், ரோட்டில் ஆள் நடமாட்டமே குறைவு. கையில் ரேஷன் பை. அவர்தான் முதலில் அடையாளம் கண்டு சிரித்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். யார் கேட்டார்கள் என்று கேட்டுவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் கேட்டால், அன்றைக்கு நான் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

“என்ர பேப்பர் போட்டாச்சோ தங்கச்சி?”

“போட்டாச்சுண்ணே.”

“நல்லது” என்றார். ராமேஸ்வரம் பஸ் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் ஓரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்தார்.